தூண் என்னும் எழுத்து

தமிழ் எழுத்துகள் பொதுவாகச் சம்மணம் போட்டு உட்காருகிறவை, மேடம். அவற்றை எழுப்பி, தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நிற்கவைப்பது லேசான காரியம் இல்லை. ‘ண’ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சுழி, எத்தனை கால். தடிமனாகவும் வேண்டும், ஒடுக்கமாகவும் வேண்டும் என்றால், உள்ளே இருக்கிற வெள்ளை இடமெல்லாம் அடைத்துக்கொண்டு எழுத்து வெறும் கறுப்புக் கட்டியாகிவிடும். அந்த வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் என் தொழில். மற்றவர்கள் எழுத்துருவாக்கம் என்பார்கள். நான் காற்றோட்டம் என்பேன்.

என் வாக்குமூலத்தை நீங்கள் கன்னடத்தில் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, காந்தா மேடம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். என் அப்பா அரசாங்க வேலையில் நாள் முழுக்கக் கன்னடத்தில் கோப்பு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து எங்களைத் தமிழில் திட்டியவர். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்த் தொட்டிக்குள் அசோகனும் அவருடைய மைத்துனன் நரேஷும் இறந்துபோனது பற்றிய அறிக்கை. தொட்டிக்கு மேலே எச்சரிக்கைப் பலகை இருந்தது என்று அதில் போட்டிருக்கிறது. ஆனால் அதன் எழுத்துகள் மிகத் தடித்தும் நெருங்கியும் இருப்பதால், பேஸ்மென்ட் வெளிச்சத்தில் இறந்தவர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லையாம். அது தவறு. மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். அந்த ஒரு வரியைத் திருத்துவதற்காகத்தான் ஆட்டோ பிடித்து வந்தேன்.

அந்தப் பலகையில் இருப்பது என் எழுத்து. பெயர் தூண். தடித்தது, ஒடுங்கியது, உயரமானது. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் செய்திருக்கிறேன். அதை வைத்துப் புத்தகம் அச்சடிக்க முடியாது. ஒரு பக்கம் முழுக்கத் தூணில் படித்தால் தலைவலி வரும், பெற்றவனே சொல்கிறேன். ஒரு சொல், இரண்டு சொல் சொல்வதற்கான எழுத்து அது. சின்ன இடத்தில் பெரிய குரல். சண்டைப் பட போஸ்டர், தேர்தல் சுவர், ஆடித் தள்ளுபடி, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆஸ்டின் டவுனில் ஒரு சுவரில் தள்ளுபடியும் அஞ்சலியும் பக்கத்தில் பக்கத்தில் தூணில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, வண்டியை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். இரண்டும் கம்பீரமாக இருந்தன.

இந்த ஊரில் இப்படி ஓர் எழுத்துக்குத் தேவை அதிகம். பலகையில் கன்னடம் மேலே பெரிதாக இருக்க வேண்டும், நியாயம்தான். மிச்ச இடத்தில் ஆங்கிலம், அதற்கும் மிச்சத்தில் தமிழ். பலகை அடிக்கிற கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றால், சாதாரண எழுத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஓரத்தைப் பிடித்து அமுக்குவார்கள். நிற்கிற கோடுகள் இளைத்துப்போகும். படுத்திருக்கிற கோடுகள் அப்படியே தடியாக இருக்கும். கூட்டமான பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஆளைப் போல எழுத்து பிதுங்கும். உங்களுக்கு அது கண்ணில் படாது. எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிற மனிதன் நான், அப்படியும் எரியும்.

மௌரீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டிசைன் கல்லூரியில் எழுத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர். ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், கெட்டிக்காரர். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்னக் கூட்டத்தில் நான் தூணை முதன்முதலில் காட்டியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு எழுந்தார்.

“அச்யுத், ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது சத்தம் போடற லெட்டர். டேஞ்சர்னு எழுதறதுக்கு மட்டும் இத குடுத்துடாதீங்க. மூக்கு கிட்ட வந்தாத்தான் படிக்க வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றி சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கைவைக்கப் பிடிக்கவில்லை. மனிதர்களை எழுத்தைப் போல உட்கார்ந்து திருத்த முடிவதில்லை. அது எனக்கு எப்போதும் ஒரு குறை.

அந்தக் குறை தீர ஒரு வழி தானாகவே வந்தது. எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி வெங்கடகிருஷ்ணன் ஒருநாள் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் லெட்டர்ஸ் ஆளாச்சே சார். தொட்டி கிட்ட ஒரு வார்னிங் போர்டு வேணும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க கேக்கறாங்க” என்றார். இலவசமாகவே செய்து தருகிறேன் என்றேன். மேலே கன்னடம், நடுவில் தமிழ், அடியில் ஆங்கிலம். ‘விஷவாயு. இறங்காதே.’ தொட்டி வேலைக்கு வருகிறவர்களில் தமிழர்கள் அதிகம், தமிழும் இருக்கட்டும் என்று சொன்னவன் நான்தான். இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் தூணில் அமைத்துக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய் வருவதற்குள், வெங்கடகிருஷ்ணன் தனக்குத் தெரிந்த ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துப் பலகையை அடித்து மாட்டிவிட்டார். போய்ப் பார்த்தேன். கடைக்காரர் தூணைத் தூக்கி எறிந்துவிட்டு, கையில் கிடைத்த ஏதோ ஒரு எழுத்தை அமுக்கி வைத்திருந்தார். ‘வி’யின் மேல் வளைவு ‘ஷ’வின் மேல் சாய்ந்துகிடந்தது. நான் கேட்டதற்கு வெங்கடகிருஷ்ணன் தோளில் தட்டினார். “விடுங்க சார், சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. அங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?”

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஒரு மத்தியானம், பேஸ்மென்ட்டில் ஆள் இல்லாத நேரத்தில், நாலு திருகாணிகளையும் கழற்றிப் பலகையை மேலே கொண்டுபோய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அது என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் சொல்கிற வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

ஆமாம், உங்களிடம் இருப்பது இரண்டாவது பலகை. அது நான் என் செலவில் செய்தது. இரும்புத் தகட்டில் மஞ்சள் எனாமல், அதன்மேல் கறுப்புத் தூண். அதே அளவு, அதே இடத்தில் துளைகள். வந்து சேர்ந்தபோது குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினேன். ஹாலில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். காலையில் காபி குடிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே குடிப்பேன். ‘ங்’ மேல் இருக்கிற புள்ளி அத்தனை கறுப்புக்கு நடுவிலும் தனியாகத் தெரியும்.

உடனே மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சுவர் சரியில்லை. பாசி பிடித்து, ஈரம் ஊறி, அங்கங்கே உப்பிக்கொண்டிருந்தது. வெள்ளையடிக்கச் சொல்லி அசோசியேஷனுக்கு இரண்டு முறை சொன்னேன். அடித்த பிறகு மாட்டலாம் என்று இருந்தேன். மழைக்காலம் வந்தது, போனது. அவர்கள் அடிக்கவில்லை. என் பலகை என் வீட்டில் இருந்தது. கீழே சுவரில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. பெருக்க வருகிற பெண்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர்களை யாரும் விசாரிக்கவில்லை என்பதையும் அறிக்கையில் பார்த்தேன்.

அன்று காலையில் தொட்டி அடைத்துக்கொண்டு நாற்றம் லாபி வரைக்கும் வந்துவிட்டது. வெங்கடகிருஷ்ணன் கான்ட்ராக்டரைப் போனில் விரட்டினார். கான்ட்ராக்டர் இரண்டு பேரைக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். மனிதர்களைத் தொட்டிக்குள் இறக்கக்கூடாது என்பது சட்டம். செக்ரட்டரிக்கும் கான்ட்ராக்டருக்கும் அது தெரியும். அந்த வகையில் தப்பு அவர்களுடையது. நான் கமிட்டியில்கூட இல்லை.

காரை எடுக்கப் போனபோது அசோகன் தொட்டிப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. நரேஷ் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டிருந்தான்.

“சார், இங்க போர்டு எதுனா இருந்துச்சா? நாலு ஓட்ட கீது” என்றார் அசோகன்.

“ஏன் கேக்கறீங்க?”

“போர்டு இருந்தா எங்களுக்கு நல்லது சார். செல்லுல போட்டோ புடிச்சு கான்ட்ராக்டருக்கு அனுப்பிடுவோம். எறங்கக் கூடாதுன்னு போட்டுக்கீது, மிஷின் அனுப்புன்னு சொல்லிட்டு ஒக்காந்துக்குவோம். நாங்களா மாட்டேன்னு சொன்னா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. போர்டு சொன்னா வாய மூடிக்குவாங்க.”

எழுத்தைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன், மேடம். ஒரு பலகைக்கு இப்படி ஒரு பயன் இருப்பதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாய் திறந்து மாட்டேன் என்று சொல்ல முடியாத மனிதருக்காக அது மாட்டேன் என்று சொல்கிறது. எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

“தெரியலையே. நான் கமிட்டில இல்ல. செக்ரட்டரியக் கேளுங்க” என்றேன்.

“அவரு போன எடுக்கல சார்.”

பிறகு அவர் தன் மனைவிக்குப் போன் செய்தார். “போர்டு ஒண்ணும் காணோம் வீணா. எறங்கித்தான் ஆவணும் போலக்கீது” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் காரை எடுக்கவில்லை. லிஃப்டில் மேலே போய்விட்டேன்.

நான்தான் கழற்றினேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அது உடனே வெங்கடகிருஷ்ணன் காதுக்குப் போயிருக்கும். எழுத்து பிடிக்கவில்லை என்று எச்சரிக்கைப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனவர் என்று லிஃப்டில் பார்க்கிறவர்களெல்லாம் சிரித்திருப்பார்கள். அதற்காக நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மனசு கேட்கவில்லை. இப்போதே கொண்டுபோய் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பலகை தூசியாக இருந்தது, துடைத்தேன். ஓரங்களில் விரல் தடம் இருந்தது, ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்தேன். திருகாணிகள் வைத்த இடம் ஞாபகம் வரவில்லை, தேடினேன். ரசமட்டமும் வேண்டும். கோணலாக மாட்டுவதைவிட மாட்டாமலே இருக்கலாம் என்பது என் கொள்கை.

சர்வீஸ் லிஃப்டில் இறங்கிவந்தேன். அந்த மூலையில் கேமரா கிடையாது. இருக்கிற கேமராவெல்லாம் கார்களைப் பார்த்தபடி இருக்கின்றன. பலகையை மாட்டினேன். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். செருப்புகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டதாக அன்று உங்களிடம் சொன்னேன். செருப்புகள் இருந்தது உண்மைதான், இரண்டு ஜோடி.

உங்கள் ஆட்கள் எடுத்த படங்களில் பலகை மிக நன்றாக வந்திருக்கிறது. சுவர்தான் அசிங்கம். பலகை எப்போது வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெங்கடகிருஷ்ணன்கூட அதுதான் தான் மாட்டிய பலகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். போர்டு இருந்தது, படிக்காமல் இறங்கினார்கள், நாங்கள் என்ன செய்வது என்று விசாரணையில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

வீணாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புருஷனையும் தம்பியையும் ஒரே நாளில் பறிகொடுத்தவள். விசாரணை அறையில் அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: “அங்க போர்டு இல்ல சார். அவரு போன்ல சொன்னாரு.” படம் இருக்கிறதே அம்மா என்று அதிகாரி காட்டினார். அவள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். அவளுக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கவனமில்லாமல் செத்தார்கள் என்று எழுதக்கூடாது. அவ்வளவுதான்.

அவளுக்கு உதவுவதற்காகத்தான் மௌரீன் சாட்சி சொல்ல வந்தார். கெட்ட எண்ணம் இல்லை. பலகை இருந்திருக்கலாம், ஆனால் இந்த எழுத்தை அந்த வெளிச்சத்தில் யாராலும் படிக்க முடியாது, ஆகவே தப்பு இறந்தவர்கள் மேல் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். என் பெயரைச் சொல்லவில்லை; தூணின் பெயரைச் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வீணா எழுந்தாள்.

“மேடம், நீங்க எங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா எங்க வீட்டுக்காரரு பஸ் போர்டுலேருந்து மருந்து டப்பா வரிக்கும் படிக்கிறவரு. கன்னடமும் படிப்பாரு. போர்டு இருந்தா படிச்சிருப்பாரு. என் தம்பியையும் எறங்க வுட்டிருக்க மாட்டாரு.”

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் தூணைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது. போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

அதிகாரி மௌரீன் சொன்னதை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் அதுதான் வசதி. பலகையும் இருந்ததாக ஆயிற்று, செத்தவர்கள் மேலும் தப்பில்லை என்று ஆயிற்று. மொத்தப் பழியையும் என் எழுத்தின் தலையில் கட்டினார்கள். தலைப்புகளுக்குத் தூணை வாங்கியிருந்த ஒரு பத்திரிகை நிறுத்திக்கொண்டது. மௌரீனின் மாணவர்கள் இணையத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை என் வாயால் சொல்ல மாட்டேன். எனக்கு அழுகை வந்தது, மேடம். இந்த விவகாரத்தில் நான் அழுதது அப்போதுதான்.

அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் திறந்தபோது நரேஷ் உள்ளே போயிருந்தான். அசோகன் தொட்டியின் வாய்ப் பக்கத்தில் மண்டியிட்டு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பலகையை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தேன். எழுத்து வெளிப்பக்கம். இரண்டு ட்யூப் லைட்டில் ஒன்று எரியவில்லை. எங்களுக்கு நடுவில் ஒரு கார் நின்றிருந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“சார், ஆளுங்களக் கூப்பிடுங்க சார். பையன் பேச மாட்டேங்குறான்.”

அப்போதுதான் பலகையைப் பார்த்தார். உதடு அசைந்தது. வாய்விட்டே சொன்னார். ‘விஷவாயு. இறங்காதே.’ பிறகு சுவரில் இருந்த நாலு ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கூப்பிடுங்க சார்” என்று இன்னொரு முறை மட்டும் சொன்னார்.

“கூப்பிடறேன். நீங்க பையனப் பாருங்க” என்றேன்.

அதை நம்பித்தான் அவர் ஏணியில் கால் வைத்தார். போன் என் சட்டைப் பையில் இருந்தது. அப்போதே கூப்பிட்டிருந்தால் வருகிறவர்கள் வெறும் சுவரையும், கையில் பலகையோடு நிற்கும் என்னையும் பார்த்திருப்பார்கள். முதலில் மாட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். இரும்பு ஏணியில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் பலமாக, அப்புறம் விட்டுவிட்டு. மூன்றாவது திருகாணியை முறுக்கும்போது நின்றது. நாலாவதையும் முறுக்கினேன். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் போனை எடுத்தேன்.

இதற்கு என்ன தண்டனையோ அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எதிர்த்து வாதாடப் போவதில்லை. அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட வேண்டும். அசோகன் படித்தார். அரை வெளிச்சத்தில், ஒரு காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே பார்வையில், ஒரு எழுத்துகூடத் தடுக்காமல் படித்தார். மௌரீனிடம் நான் சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் சொல்லுங்கள். சாட்சி உண்டா என்று கேட்டால், பக்கத்திலேயே நான் இருந்தேன் என்று சொல்லுங்கள்.